பலகையின் பின்புறம்

நம் தமிழ்த்துறை மலருக்குப் பழைய மாணவன் என்ற உரிமையில் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று துறைத்தலைவர் அவர்கள் அன்புடன் பணித்தபோது, என் ஊர்ப்பக்கத்தின் பழம்பெருமையை எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனையும் நெய்தல் நிலத்து உமணரையும் வைத்து நாலைந்து பக்கம் எழுதிவிடலாம். குறிப்புகளும் எடுத்தேன். ஆயினும் எழுத அமர்ந்தபோதெல்லாம், சென்ற கோடையில் இடையஞ்சாவடியிலுள்ள என் வீட்டின் சிறிய அறையொன்றில் நிகழ்ந்ததே நினைவில் வந்து குறுக்கே நின்றது. அதை எழுதி முடித்தாலன்றி நல்லியக்கோடனிடம் போகமுடியாது என்று தோன்றிற்று. கணிப்பொறி விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன இடம் என்று மூத்தோர் வினவக்கூடும். சற்றுப் பொறுத்துப் படித்தருள வேண்டுகிறேன்.

இடையஞ்சாவடி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். செம்மண், முந்திரி, பனை. பக்கத்தில் 1968 பிப்ரவரியில் தோன்றிய ஆரோவில். கிழக்கே சிறிது தொலைவில் கடல். வடக்கே கடற்கரைச் சாலையில் பேருந்தேறி இருபது கிலோமீட்டருக்குமேல் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். என் தந்தையார் பிறந்தது அந்த உப்பளத்துக் குடும்பமொன்றில். இடையஞ்சாவடி என் தாயார் பிறந்த ஊர். உப்பளத்துப் பிள்ளை வானூர்தியோடு எப்படிச் சேர்ந்தது என்பதற்கு என் பாட்டி ஒரு காரணம் சொல்வார். போர்க்காலத்தில் அவர் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருக்கும்போது, நான்கு மோட்டார் கொண்ட பெரிய வானூர்திகள் கடலை நோக்கித் தாழப் போகுமாம். இடுப்பிலிருந்த குழந்தை, அதாவது என் தந்தை, அழாமல் அண்ணாந்து பார்க்குமாம். பாட்டியின் கதைகளில் பாதிக்குமேல் நான் நம்புவதில்லை. இது மட்டும் மெய்யாக இருத்தல் கூடும். 1944இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 200ஆம் அணி சென்னைப் பரங்கிமலையிலிருந்து லிபரேட்டர் வானூர்திகளில் வங்கக் கடலைச் சுற்றிக் காவல் புரிந்ததற்குப் பதிவு இருக்கிறது.

தந்தையார் 1958இல், பதினெட்டு வயதில், இந்திய விமானப்படையில் சேர்ந்தார். விமானி அல்லர்; கருவிகளைப் பொருத்திப் பழுதுபார்க்கும் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர். புனேயில் அவர் கைக்கு வந்தவை அதே லிபரேட்டர்கள்தாம். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின் அவர் அதைப்பற்றிப் பேசியது மிகக் குறைவு. வீட்டுக் கடிகாரங்களையும் அண்டை வீட்டார் வானொலிகளையும் சீர்செய்து கொடுப்பார். மீதி நேரம் முந்திரித் தோப்பு. நானும் கேட்டதில்லை. நான் தமிழ் படித்தவன். அவர் உலகம் திருகாணிகளால் ஆனது என்று ஓர் இளக்காரம் எனக்கிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

என் மகன் பொறியியல் மாணவன். அவனுக்குப் பறத்தல் பாவனையாட்டங்களில், அதாவது சிமுலேட்டர்களில், பித்து. இவை சுட்டுத் தள்ளும் சிறுபிள்ளை விளையாட்டுகள் அல்ல என்பதை அவனே எனக்கு விளக்கினான். மெய்யான வானூர்தியின் எடை, இறக்கை, இயந்திரம், கருவி ஆகிய அனைத்தையும் கணக்கில் கொண்டு கணிப்பொறி அதைப் பறக்கச் செய்யும். தவறாக ஓட்டினால் விழுந்து நொறுங்கும். இவற்றின் மூதாதை விளையாட்டே அன்று. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929இல் அமைத்த பயிற்சிப் பெட்டியில் அமர்ந்துதான் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானிகள் பல்லாயிரவர் மேகத்துள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்றனர். குண்டு வீசுவோருக்கும் ஒரு பயிற்சி இருந்தது. சக்கரம் பொருத்திய உயரமான சாரத்தின்மேல் அமர்ந்து, கொட்டகைத் தரையில் ஊர்ந்து செல்லும் சிறு பெட்டியைக் குறிபார்ப்பார்கள். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறியைச் செய்வித்து, அதை ஓட்டும் முறையை விசயைக்கு முன்னரே பழக்கிவிடுகிறான் அல்லவா? பறக்குமுன் பழகவேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று என்று மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

இவ்வாட்டங்களில் போர் விமானங்களுக்கு இருக்கும் சிறப்புக் குண்டுவீச்சு விமானங்களுக்கு இல்லை என்பது அவன் நெடுநாள் குறை. ஒருவர் அமரும் சிறிய போர் விமானத்துக்கு ஓர் அறையை வரைந்தால் போதும். பத்துப்பேர் பறக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கோ விமானியின் இருக்கை, குண்டுக்குறிபார்ப்பவர் படுக்கும் மூக்கு, வானொலி மேசை, சுடுகூண்டுகள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வரையவேண்டும். மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1992இலும் பிறகு 2000த்திலும் பி-17 விமானத்தை வைத்து அத்தகைய ஆட்டங்களை வெளியிட்டது. ஆனால் 2001இல் உருசியர் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற ஐ.எல்.-2 வரிசையில், லிபரேட்டர் வானில் தோன்றுமேயன்றி அதனுள் நாம் அமர முடியாது. கணிப்பொறியே அதை ஓட்டிப்போகும். அக்குறையை நீக்க, வெளிநாட்டு நண்பர் சிலரோடு சேர்ந்து லிபரேட்டரின் உட்புறத்தைத் தன் பொழுதில், ஊதியமின்றி, வரைந்து கொண்டிருந்தான் என் மகன். அவன் பங்குக்கு வந்தது விமானிகளின் கருவிப்பலகை.

தன் பாட்டனார் பத்தாண்டுகள் பணிசெய்தது அதே வானூர்தியில் என்பது அவனுக்குத் தெரியாது. தெரியச் செய்யாதவன் நான்.

லிபரேட்டரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பி-24 என்பது அமெரிக்கர் இட்ட எண். போர்க்காலத்தில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுள் எண்ணிக்கையில் இதனை விஞ்சியது வேறில்லை. இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 110 அடி. 1,200 குதிரைத்திறன் கொண்ட இயந்திரங்கள் நான்கு. குண்டுகள் தொங்கும் அறையின் நடுவே ஒன்பது அங்குல அகலமுள்ள ஒரு நடைபாலம். முன்னிருந்து பின்னே போகவேண்டுமானால் அதன்மேல்தான் போகவேண்டும். ஓட்டுவதற்குக் கைவலிமை வேண்டும் என்றும், உள்ளே எரிபொருள் நாற்றம் எப்போதும் இருக்கும் என்றும் அதில் பறந்தோர் எழுதியிருக்கின்றனர்.

போர் முடிந்தபோது, கடன் ஒப்பந்தத்தின்கீழ் வந்த இவ்வானூர்திகளைத் திருப்பித் தரவேண்டும் அல்லது அழிக்கவேண்டும். கான்பூரில் வரிசை வரிசையாக நின்ற லிபரேட்டர்களைப் பிரிட்டிஷார் வேண்டுமென்றே பாழாக்கிவிட்டுச் சென்றனர். கருவிகளை உடைத்தும் இயந்திரங்களில் மண்ணைக் கொட்டியும் சென்றதாக வரலாறு எழுதியோர் கூறுவர். விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது, வாங்கப் பணமில்லை. பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் கான்பூருக்குச் சென்று, அந்தச் சிதைவுகளைப் பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டுப் பெங்களூருக்குக் கொண்டுவந்தனர். அவ்வாறு ஒட்டுப்போட்டவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிவந்தவர் ஜாம்ஷெட் முன்ஷி என்னும் சோதனை விமானி. பெங்களூரில் அவை முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டன. 1948 நவம்பரில் ஐந்தாம் அணி லிபரேட்டர்களோடு உருவாயிற்று. பின்னர் ஆறாம் அணியும் பதினாறாம் அணியும் அவற்றைப் பெற்றன. கடற்காவலில் 1968 வரை அவை பறந்தன. பிறநாடுகள் எப்போதோ பழைய இரும்பாக உருக்கிவிட்ட வானூர்தி இங்கே இருபதாண்டு உழைத்தது.

இதன் விளைவொன்று வியப்பானது. இன்று உலகில் எஞ்சியுள்ள லிபரேட்டர்கள் மிகச் சில. அவற்றுள் இலண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்பதும், கனடாவில் ஒட்டாவாவில் நிற்பதும், அமெரிக்காவில் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் நிற்பதும் நம் விமானப்படையிடமிருந்து சென்றவையே. அமெரிக்காவில் 1989இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் பறந்த ஒன்றும் இந்தியாவிலிருந்து போனதுதான். ஆகவே உலகில் எவரேனும் லிபரேட்டரின் உட்புறத்தை அளந்து கணிப்பொறியில் வரைகிறார் என்றால், இந்திய ஃபிட்டர் ஒருவர் கைபட்ட திருகாணியை அவர் அளந்துகொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. அருங்காட்சியக ஒளிப்படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன், தாத்தா அடுத்த அறையில் தூங்குவதை அறியாமல் இருந்தான்.

இனி சென்ற கோடைக்கு வருகிறேன். தந்தையாருக்கு எண்பத்தைந்து வயது. ஓராண்டாக நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. காலையில் உண்டதை நண்பகலில் மறப்பார். ஒருமுறை முந்திரித் தோப்புக்குப் போனவர் வழி தெரியாமல் நின்றார். புதுவை மருத்துவர், படிப்படியாகக் கூடும் என்று எங்களிடம் தனியே சொல்லியிருந்தார். பெயர்களை எழுதிப் பழகுதல், படம் வரைதல் போன்ற சிறு பயிற்சிகள் தரச் சொன்னார்.

ஒரு மாலை மகன் அறையில் நான்கு இயந்திரங்கள் முழங்கும் ஓசை கேட்டுத் தந்தையார் எழுந்து போனார். காது மந்தம், ஆனாலும் அந்த ஓசை எட்டியிருக்கிறது. நான் பின்னால் போய் நின்றேன். திரையில் லிபரேட்டர் ஓடுபாதையில் நின்றது.

"எந்த மோட்டாரை மொதல்ல போட்ட?" என்றார்.

"எல்லாம் ஒண்ணாதான் தாத்தா. ஒரு பொத்தான அமுக்குனா நாலும் ஓடும்."

"அப்படி ஓடாது. மூணாவதத்தான் மொதல்ல போடணும். அப்புறம் நாலு, ரெண்டு, ஒண்ணு."

மகன் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன் தாத்தா?"

"ஹைட்ராலிக் பம்பு மூணுலதான இருக்கு. அது ஓடாம பிரேக் பிடிக்குமா?"

மகன் மேசையிலிருந்த பழைய விமானிக் கையேட்டின் படியைப் புரட்டினான். 3, 4, 2, 1 என்றே இருந்தது. பிறகு ஒருமணி நேரம் நான் இதுவரை கேளாத தந்தையைக் கேட்டேன். இயந்திரத்தை முடுக்குமுன் ஆட்கள் நின்று காற்றாடியைக் கையால் சுற்றவேண்டும். வட்டமாக அமைந்த உருளைகளில் கீழ்நோக்கியவற்றில் எண்ணெய் இறங்கித் தங்கியிருக்கும். சுற்றாமல் முடுக்கினால் உள்ளே முறிந்துபோகும். அதற்கும் முன், மூக்குச் சக்கரத்தருகே இருக்கும் சிறிய பெட்ரோல் மோட்டாரை ஓடவிட்டு மின்சாரம் எடுக்கவேண்டும். அது எழுப்பும் ஓசையாலேயே அதற்குப் 'பட்பட்' என்று பெயர். எரிபொருள் எவ்வளவு மீதியென்று காட்ட முள் கிடையாது. கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்க்கவேண்டும், எங்கள் உப்பளத்தில் நீர்மட்டம் பார்ப்பதுபோல என்றார். திசைகாட்டும் கைரோ மெல்ல மெல்ல விலகும். சிறிது நேரத்துக்கொருமுறை காந்த ஊசியோடு ஒப்பிட்டுத் திருத்திவைக்காவிட்டால் விமானி தவறான திசையில் உறுதியோடு போய்க்கொண்டிருப்பார். திரையிலிருந்த கைரோ விலகவேயில்லை. "இது பொய்யி" என்றார் தந்தையார், சிறிதும் கோபமின்றி.

மகன் அன்றிரவு உறங்கவில்லை என நினைக்கிறேன். மறுநாள் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொண்டுவந்து, "தாத்தா, விமானி முன்னால இருக்குற பலகைய அப்படியே வரைஞ்சு தாங்க" என்றான். மருத்துவர் சொன்ன பயிற்சியும் ஆயிற்று என்று நானும் மகிழ்ந்தேன். இரண்டு நாள் வரைந்தார். நடுங்கும் கையால் ஒவ்வொரு வட்டத்தையும் இட்டு, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதினார். ஐம்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, ஒரு பெயர்கூடத் தவறவில்லை.

இடந்தான் தவறியிருந்தது. லிபரேட்டரில் பறத்தலுக்குரிய கருவிகள், அதாவது செயற்கைத் தொடுவானம், கைரோ, வேகமானி போன்றவை, இடப்பக்கம் முதல் விமானியின் எதிரே இருக்கும். இயந்திரங்களின் அழுத்தம், சுழற்சி, வெப்பம் காட்டும் முட்கள் வலப்பக்கம் துணைவிமானியின் எதிரே இருக்கும். ஒளிப்படங்கள் அனைத்திலும் அப்படியே. தந்தையாரின் தாளிலோ இயந்திர முட்கள் இடப்பக்கத்தில். பறத்தற் கருவிகள் வலப்பக்கத்தில். மகன் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. "நல்லா இருக்கு தாத்தா" என்று வாங்கிக்கொண்டான். என்னிடம் வந்து தாளைக் காட்டினான். எங்கள் இருவருக்கும் பேச்செழவில்லை. வழி தெரியாமல் தோப்பில் நின்றபோதுகூட நான் அவ்வளவு கலங்கவில்லை. அவருக்கு முழுதும் தெரிந்த ஒன்றே ஒன்றும் போய்விட்டது என்று எண்ணினேன்.

தாள் என் மேசையில் நான்கைந்து நாள் கிடந்தது. ஒருநாள் காலை, வெளிச்சம் படட்டும் என்று சன்னலருகே அதைத் தூக்கிப் பிடித்தவன் தற்செயலாகப் பின்புறத்தைப் பார்த்தேன். தாளை ஊடுருவி வந்த ஒளியில் கோடுகள் தெரிந்தன. மகனை எழுப்பி அருங்காட்சியகப் படத்தைத் திரையில் வைக்கச் சொன்னேன். வட்டத்துக்கு வட்டம் பொருந்திற்று. எழுத்து மட்டுந்தான் தலைகீழ்.

தந்தையாரிடம் போய்க் கேட்டோம். அவருக்கு எங்கள் வியப்பே விளங்கவில்லை. "நான் எங்கடா சீட்ல உக்காந்தேன்? மல்லாக்கப் படுத்து, பலகைக்கு அடியில தலைய நொழச்சுகிட்டு, குழாயும் ஒயரும் மாட்டுவேன். எனக்குத் தெரிஞ்சது பின்பக்கந்தான்" என்றார்.

ஆட்டங்களில் வரலாற்று மெய்ம்மை என்று இவர்கள் கொள்வதெல்லாம் விமானியின் கண்ணிலிருந்து பார்ப்பது. அந்தக் கண்ணுக்குப் பின்னே குழாய்களும் கம்பிகளும் அவற்றை மாட்டிய கைகளும் இருந்தன. கருவிமுகத்தில் இருளில் ஒளிர்வதற்கென ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. அதன் தீங்கை உலகம் பலரின் உடல்நலத்தை விலையாகக் கொடுத்தே அறிந்தது. திரையில் அப்பூச்சு அழகாகப் பச்சை ஒளி வீசுகிறது. திறந்த பக்கச் சன்னலருகே இருபத்தைந்தாயிரம் அடி உயரத்தில் உறைபனிக் குளிரில் நின்று சுட்டவர்களின் விரல்கள் கருகிப்போனதையும் திரை காட்டாது. காட்ட இயலாது என்பதற்காக அவர்களைக் குறைகூறுவது முறையன்று. ஆனால் குறிபார்க்கும் கருவியைப் பற்றி ஒரு குறை சொல்வேன்.

கார்ல் நார்டன் என்பவர் அமைத்த குறிபார்க்கும் கருவி அமெரிக்கப் படையின் பெரிய மறைபொருளாக இருந்தது. பற்சக்கரங்களாலான கணிப்பொறி என்றே அதைச் சொல்லவேண்டும். இருபதாயிரம் அடியிலிருந்து விட்ட குண்டு தரையைத் தொட ஏறத்தாழ 36 நொடி ஆகும். அதற்குள் வானூர்தியின் வேகத்தோடு அது நான்கு கிலோமீட்டர் அளவுக்கு முன்னே போய்விடும். இடையஞ்சாவடிக்கு மேலே கிழக்குநோக்கிப் பறந்தபடி விட்டால் கடற்கரைச் சாலைப் பக்கம் போய் விழும். உயரம், வேகம், காற்றின் விலக்கம் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து, விடவேண்டிய நொடியைக் கருவியே கண்டு விட்டுவிடும். குறிபார்ப்பவர் தொலைநோக்கியின் குறுக்குக் கோட்டை இலக்கின்மீது அசையாமல் நிறுத்தவேண்டும்; அந்தச் சில நிமிடங்கள் வானூர்தியைச் செலுத்துவதும் அவர் திருகும் குமிழ்களே. ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் குண்டைப் போடலாம் என்று பெருமை பேசினர். போருக்குப்பின் அமெரிக்க அரசே நடத்திய ஆய்வில், ஐரோப்பாவில் குறிபார்த்து வீசியவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இலக்கைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் விழுந்தது என்று கண்டனர். முகில், புகை, அச்சம், கூட்டமாகப் பறந்து கூட்டமாக விடுதல் எனக் காரணம் பல. ஆட்டத்திலோ உயரத்தையும் வேகத்தையும் எண்களாகக் கொடுத்துவிட்டால், சிறிது பழகிய என் மகன் பத்துக்கு எட்டைப் பாலத்தின் நடுவில் போடுகிறான். கருவியின் ஒவ்வொரு குமிழையும் அச்சொட்டாக வரைந்தவர்கள் அதன் தோல்வியை வரையாமல் விட்டுவிட்டனர். குமிழ் பிழையாவதைவிட இது பெரும்பிழை என்பது என் கருத்து. மகன் இதை முழுதும் ஏற்கவில்லை.

அவ்வாறு ஒருநாள் அவன் குண்டு வீசிக் காட்டிக்கொண்டிருந்தபோது தந்தையார் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "கீழ என்ன ஊரு?" என்றார்.

"ஏதோ ஊரு தாத்தா. பேரு இல்ல. வெறும் பெட்டி பெட்டியா வரைஞ்சிருப்பாங்க."

"ஆளுங்க?"

"ஆளுங்க இருக்கமாட்டாங்க."

தந்தையார் தலையசைத்தார். தாம் பணிசெய்த பத்தாண்டில் தம் வானூர்திகள் ஓர் ஊரின்மீதும் குண்டு வீசிப் பார்த்ததில்லை என்றார். கடலைத்தான் பார்த்துக்கொண்டு போகும், வரும். பிறகு, தமக்கே நினைவில்லாத வயதில் நடந்து தம் தாயார் சொல்லக்கேட்ட ஒன்றைச் சொன்னார். 1942 ஏப்ரல் 5ஆம் நாள் சப்பானியர் கொழும்பைத் தாக்கினர். மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுபட்டன. சென்னை கலைந்து ஓடிற்று. அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்கு மாறின. உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள், கூண்டுடைந்து வெளியேறக்கூடும் என்ற அச்சத்தால் சுட்டுக் கொல்லப்பட்டன. அப்போது சென்னையிலிருந்து ஓடிவந்த உறவினர் ஒரு குடும்பம் மூன்று மாதம் எங்கள் உப்பளத்துக் கூரையின்கீழ் இருந்ததாம். அக்குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, வானூர்தி ஓசை கேட்டால் உப்புக் குவியலுக்குப் பின்னே போய்ப் படுத்துக்கொள்வாளாம். பாட்டி இடுப்பிலிருந்த குழந்தை வானத்தைப் பார்த்த கதையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். குவியலுக்குப் பின்னே படுத்த சிறுமியின் கதையை அன்றுதான் கேட்டேன்.

மகன் ஆட்டத்தை நிறுத்தினான். அன்று மாலை எனக்கும் அவனுக்கும் சிறு வாக்குவாதம். மனிதரை அழித்துவிட்டுக் கருவியை மட்டும் மெய்யாகக் காட்டுவது எவ்வகை மெய் என்றேன் நான். அவன் சொன்ன விடையையும் நேர்மையோடு பதிவுசெய்ய வேண்டும். "கீழே ஆள்களை வரைந்து, அவர்கள் சாவதையும் விளையாட்டாக்குவது இதைவிடக் கொடுமை அல்லவா? எனக்குத் தெரிந்தது கருவி. அதையாவது பொய்யில்லாமல் வரைகிறேன். தாத்தா செய்த வேலையும் அதுதானே?" என்றான். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. இன்றும் முழுதாக வரவில்லை. அவன் தாத்தாவைத் துணைக்கழைத்தது வாதத்துக்காக அன்று என்பது மட்டும் தெரிந்தது.

அதன்பின் அவன் ஒரு வேலை செய்தான். அவனுடைய வெளிநாட்டு நண்பர்கள் வீண்வேலை என்று சொன்னார்களாம். கருவிப்பலகையின் பின்புறத்தையும் வரையத் தொடங்கினான். ஆடுபவர் எவரும் அதைக் காணமாட்டார். கண்ணைத் திருப்பிப் பார்க்க ஆட்டத்தில் வழியே இல்லை. அவன் வரைந்தான். காலைகளில் தந்தையார் அருகே நாற்காலியில் அமர்ந்து, எந்தக் குழாய் எங்கே போகும், எந்த முடிச்சை எப்படிக் கட்டுவார்கள் என்று சொல்வார். சில நாள் அவருக்கு மகன் பெயர் நினைவுக்கு வராது. "இந்தப் புள்ள" என்பார். குழாய் வந்துவிடும். செயற்கைத் தொடுவானத்துக்குக் காற்றை உறிஞ்சும் குழாயை ஒருநாள் மகன் தவறான இடத்தில் பொருத்திவிட்டு நகர்ந்தான். தந்தையார் திரையில் விரல்வைத்து அதை இழுக்கப் பார்த்தார்.

கார்த்திகை மாதத்தில் பணி ஏறத்தாழ முடிந்தது. அடைமழை நாள். உப்பளங்களில் வேலை நின்றிருந்தது. மகன் முழு வானூர்தியையும் வெளியிலிருந்து சுற்றிச் சுற்றிக் காட்டினான். வெள்ளிபோல் மின்னிற்று. தந்தையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கடல் மேல போயிட்டு வந்ததா?" என்றார்.

"ஆமா தாத்தா."

"அப்ப உப்பு எங்க?"

கடற்காவலுக்குப் போய்த் திரும்பும் வானூர்தியின் அலுமினியத் தகட்டில், தறையாணிகளின் ஓரமாக வெள்ளைத்தூள் பூக்கும். நன்னீரால் கழுவித் துடைக்காவிட்டால் தின்றுவிடும். புனேயில் புதிதாகச் சேர்ந்தபோது, உப்பளத்துப் பிள்ளை என்று அறிந்த மூத்த ஃபிட்டர் ஒருவர் அவ்வேலையை அவரிடமே தந்தாராம். எந்த உப்பை விட்டு ஓடிவந்தாரோ அதையே துடைத்தாராம்.

மகன் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தான். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஆணி ஆணியாக வெள்ளையைத் தொட்டு வைத்துக்கொண்டே போனான். "கொறச்சலு, இன்னும் வையி" என்று தந்தையார் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே மழை விடவில்லை. நான் விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன்.